போதுமான காரணம்

பல்கலைக்கழகத்தில் வேலை போன மறுநாள் காலையிலிருந்து விரிவுரையாளர் கஸ்பாரின் வலது தோளுக்குப் பின்னால் ஒரு கத்தி மிதந்து வரத் தொடங்கியது. அரசாங்கம் ரூபாயின் மதிப்பை இறக்கிய அறுபத்தாறாம் வருஷத்து ஜூன் மாதம் அது. ராயபுரத்தில் பேசுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்ததால் கத்தியைப் பற்றி முதல் வாரம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. பேசும்படியான கத்தியும் இல்லை. மரப்பிடி போட்டது, ஒரு சாணுக்கு மேல் போகாது, மீன் வாங்குகிற எல்லா வீட்டிலும் கிடக்கிற சாதாரணக் கத்தி. நுனிக்குச் சற்றுக் கீழே மொக்கை வேறு. இத்தனை வருஷம் தர்க்கவியல் சொல்லிக்கொடுத்த ஆளுக்குக் கொஞ்சம் நல்ல கத்தியாகப் பார்த்துக் கொடுத்திருக்கலாம் என்று கஸ்பாருக்கே பட்டது. முகம் மழிக்கும்போது கண்ணாடியில்தான் அதை முதலில் பார்த்தார். பார்த்த அதிர்ச்சியில் கன்னத்தைக் கீறிக்கொண்டார். அந்தக் கத்தியால் இல்லை, பிளேடால். ரயில்வே ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இன்னாங்க இது, முதுகாண்ட கத்தி தொங்குது? நெலப்படியில இடிக்கப் போவுது, குனிஞ்சி போங்க" என்றாள்.

கத்தியின் நுனி எப்போதும் ஒரே ஆளைக் காட்டியது. கஸ்பார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது தெற்கே, பல்கலைக்கழகம் இருந்த திக்கில் நிலைகுத்தி நிற்கும். துறைத் தலைவர் டாக்டர் சங்கரநாராயணன் டெல்லிக்கு மாநாட்டுக்குப் போனபோது ஒரு வாரம் எண்ணூருக்கு மேலே வடக்கைக் காட்டியது. மாதவரத்தில் யாரோ ஒருவர் மகள் கல்யாணத்துக்கு அவர் வந்த அன்று மேற்கே திரும்பி, சாப்பாட்டு நேரம் முடிகிறவரை அங்கேயே நின்றது. இதை வைத்துத்தான் தெருவில் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது. அந்தக் காலத்தில் ராயபுரத்தில் ஒருவருக்கு ஆகாதவர் யார் என்று தெரிந்துகொள்ள நாலு பேரை விசாரிக்க வேண்டியிருக்கும். கஸ்பார் விஷயத்தில் அந்தச் சிரமம் இல்லாமல் போயிற்று.

வேலை போன விதத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் கஸ்பாருக்குப் பெருமைப்பட எதுவுமே இல்லை. சங்கரநாராயணன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார், தன் மகன் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார், பிறகு தற்காலிக விரிவுரையாளர் பணி இந்த வருஷத்தோடு புதுப்பிக்கப்படாது என்றார். உங்களை வைத்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்துக்கு எழுத ஏதாவது ஒரு காரணம் இருந்தால் சொல்லுங்கள், எழுதுகிறேன் என்றும் சொன்னார். காரணம், காரியம் என்று வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட கஸ்பாருக்குத் தன்னை வைத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் சொல்லத் தெரியவில்லை. காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். வேலை போனதை அவர் ஒரு மாதத்தில் ஜீரணித்திருப்பார். அந்தத் தேங்க்சை மட்டும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. குளிக்கும்போது, சாப்பிடும்போது, ஜெபம் சொல்லும்போதுகூட அது காதில் கேட்டது. கேட்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

தெரு கத்தியைச் சீக்கிரமே பழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. மூலையில் கூடை போட்டு மீன் விற்ற சிலுவையம்மாள், கஸ்பார் அந்தப் பக்கம் போகும்போது அவரை நிறுத்தி, கத்தியை எட்டிப் பிடித்து நாலு சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துவிட்டு விடுவாள். விட்டதும் அது தோளுக்குப் போய்விடும். அதுவரை கஸ்பார் நிற்க வேண்டும், நின்றார். சாணை பிடிக்கிறவன் மாதம் ஒருமுறை தெருவுக்கு வரும்போது அதையும் தீட்டிவிட்டுப் போனான். பத்துப் பேர் பார்க்கிற கத்தி மழுங்கிக் கிடந்தால் தன் தொழிலுக்கு இழுக்கு என்றான். தண்டையார்பேட்டை டுட்டோரியல் ஒன்றில் கஸ்பாருக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. பி.ஏ. இரண்டு தடவை தவறியவர்கள், மூன்று தடவை தவறியவர்கள், சோடாக் கம்பெனியிலும் லேத்துப் பட்டறையிலும் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள் அங்கே படித்தார்கள். பல்கலைக்கழகத்தில் அவர் வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். இங்கே ஒருவரும் கண்ணை மூடவில்லை. தன் போதனையில் புது வேகம் வந்துவிட்டதாக ஒரு வாரம் நம்பி, பிறகு மாணவர்களின் பார்வை எங்கே நிற்கிறது என்று கவனித்துக் கஸ்பார் சமாதானமானார்.

துறைமுகத்தின் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில்தான் கேள்வி விவாதத்துக்கு வந்தது: வேலை போனதற்காக ஒரு படித்த மனிதன் இன்னொரு படித்த மனிதனைக் குத்துவானா? மூட்டை இறக்கும் கேங்குக்கு மேஸ்திரியாக இருந்த மதார் சாகிப், குத்தவே மாட்டான் என்ற கட்சி. தினமும் காலையில் கேட்டில் கூட்டமாகக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆட்களில் அவர் விரல் காட்டுகிறவன் உள்ளே போவான், மற்றவன் வீட்டுக்குப் போவான். "வேல போச்சின்னு குத்துவான்னா என் முதுகாண்ட தெனிக்கும் ஒரு கத்திக்கடையே தொங்கினு இருக்கணும் நைனா. எவன் குத்துறான்? டீ குட்சிட்டு வூட்டுக்குப் பூடறான்." சிலுவையம்மாள் எதிர்க்கட்சி. "உன் ஆளுக்கு வேலதான் போவுது, பேரா போவுது? அவன் நாளைக்கும் அவன்தான். சாருக்கு புரொபசர்ன்றதுதான் பேரே. அத்த புடுங்கிக்கினா மனுசன் இன்னாதான் பண்ணுவாரு, நீயே சொல்லு." கஸ்பார் ஒருநாளும் புரொபசராக இருந்ததில்லை, தற்காலிக விரிவுரையாளர்தான். தெருவாகப் பார்த்துக் கொடுத்த பதவி உயர்வு அது. வேலை போன பிறகும் மரியாதைக்காக அப்படியே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவருக்குச் சுருக்கென்றது. குத்தினால் மதார் சாகிப் கடைக்கே டீ வாங்கித் தருவது, குத்தாவிட்டால் சிலுவையம்மாள் வாங்கித் தருவது என்று பந்தயம் வைத்தார்கள். குத்தாவிட்டால் என்பதற்குக் கெடு வைக்க மறந்துவிட்டதால் பந்தயம் வருஷக்கணக்கில் நின்றது.

கஸ்பார் முயற்சி செய்யாமல் இல்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். கண்டக்டர் கத்தியைப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் ஒன்று சேர்த்துக் கிழிப்பான். பல்கலைக்கழகத்துக்குப் பாரிமுனையில் பஸ் மாற வேண்டும். மாறுவதற்கு முன்னால் தலைவலிக்கிற மாதிரி இருக்கும், ஓட்டலில் உட்கார்ந்து ஒரு காப்பி குடிப்பார். குடித்து முடிக்கும்போது, வேலை இழந்தவர் எல்லோரும் கொலைகாரர் அல்லர், கஸ்பார் வேலை இழந்தவர், ஆகவே எதுவும் நிரூபணமாகவில்லை என்று தோன்றும். திரும்பி வந்துவிடுவார். அவர் கோபத்துக்குப் பாரிமுனை வரைக்கும்தான் டிக்கெட் இருந்தது. இத்தனைக்கும் கத்தி இறங்குமா இறங்காதா என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு கவலை இல்லை. ஃப்ளோரன்சுக்கு அது இறங்கிவிடுமோ, புருஷன் தூக்குக்குப் போய்விடுவாரோ என்று பயம். கஸ்பாருக்கு அது இறங்காமலே போய்விடுமோ என்று பயம். இறங்காவிட்டால், போன வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை, போன ஆளும் பெரிய ஆள் இல்லை என்று ஆகிவிடும். இதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

அறுபத்தொன்பதாம் வருஷம் தவக்காலத்தில் ஃப்ளோரன்ஸ் கோயிலுக்குப் போய், டாக்டர் சங்கரநாராயணனுக்காக ஒரு பூசை வைக்க வேண்டும் என்று பூசைக் கணக்கு எழுதும் கோயில்பிள்ளை லூர்துவிடம் சொல்லிவிட்டு வந்தாள். அந்த மனிதரை ஆண்டவர் கத்திக்கு எட்டாத தூரத்தில் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதுதான் அவள் கருத்து. அதை அவள் விளக்கவில்லை, ஆண்டவருக்கு விளக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டாள். ஆனால் லூர்துவுக்கு விளக்கியிருக்க வேண்டும். அந்தக் கோயில் பங்கில் உயிரோடு இருப்பவர்களுக்குப் பூசை கேட்கிறவர்கள் பிரசவம், பரீட்சை, கப்பல் வேலை என்று ஏதாவது சொல்லிக் கேட்பார்கள், அதுவும் சொந்த வீட்டு ஆளுக்குத்தான் கேட்பார்கள். ஒன்றும் சொல்லாமல், பிற மதத்துக்காரர் ஒருவருக்கு, அதுவும் கத்தி காட்டுகிற ஆளுக்கு, கத்திக்காரரின் மனைவியே வந்து பூசை கேட்டால் என்ன அர்த்தம்? லூர்து நாசூக்கு தெரிந்த மனிதர். நடந்தது எப்படி என்று ஒரு பெண்பிள்ளையிடம் துருவிக் கேட்கக் கூடாது என்று தலையை மட்டும் ஆட்டினார். பெயரை மரித்தவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டார்.

முன்பானால் பூசை லத்தீனில் நடக்கும், யாருக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. தமிழுக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சாமியாரும் ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி நிதானமாக வாசிக்கிற உற்சாகத்தில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மரித்த சங்கரநாராயணனின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று அவர் வாசித்ததும் கோயில் முழுக்கத் திரும்பி ஆண்கள் பக்கம் கஸ்பாரைப் பார்த்தது. கஸ்பாரும் திரும்பிக் கத்தியைப் பார்த்தார். தான் செய்துவிட்டோமா என்று அவருக்கே நிச்சயமில்லை. தனக்குத் தெரியாமல் அது நடந்துவிட்டது என்ற வருத்தம்தான் முதலில் வந்தது, பயம் பிறகுதான் வந்தது. பூசை முடிந்து வாசலுக்கு வருவதற்குள் பலர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பத்து வருஷமாகப் பேசாத ஒரு சித்தப்பா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார், இடது தோளை. சிலுவையம்மாள் நல்ல வஞ்சிரமாக ஒன்றை இலையில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்தாள். "பரவால்ல சார். மெதுவா செஞ்சாலும் செஞ்சிக்காட்டிட்டீங்க." மதார் சாகிப் மத்தியானமே டீ வாங்கிக்கொடுத்துக் கடனைத் தீர்த்தார். இனிமேல் யாருக்கும் விரல் காட்டப் பயமாயிருக்கிறது, இது பெரிய பேஜாரு என்று அவர் நிஜமாகவே சோர்ந்துபோனார்.

சாயந்திரம் இன்ஸ்பெக்டர் லோகநாதன் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் விசாரித்தார். கத்தியைப் பல கோணத்திலும் பார்த்தார், இரண்டு மீன் செதில்தான் ஒட்டியிருந்தது. "பாடி எங்க சார் கீது?" என்று கேட்டார். கஸ்பார் தெரியாது என்றார். பிறகு ஸ்டேஷனுக்குப் போய் லோகநாதன் போன் போட, எடுத்துப் பேசியவர் சங்கரநாராயணன். தான் உயிரோடுதான் இருப்பதாகவும், இப்போதுதான் இட்லி சாப்பிட்டதாகவும் சொன்னார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். செய்தி தெருவுக்கு வந்தபோது கஸ்பாரின் மதிப்பு ரூபாயைவிட மோசமாக இறங்கியது. முன்பு அவர் குத்தாதவர் மட்டும்தான். இப்போது குத்தினார் என்று ஊர் நம்பியும் குத்தாதவர். சிலுவையம்மாள் வஞ்சிரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் அது என்ன ஆயிற்று என்று விசாரித்தாள்.

வைத்த பூசையைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஃப்ளோரன்ஸ் போய்க் கேட்டதற்கு, அது மணியார்டர் இல்லையம்மா என்று சாமியார் சொல்லிவிட்டார். பூசை தன் வேலையைச் செய்தது. அந்த வாரத்திலிருந்து டாக்டர் சங்கரநாராயணன் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத் தொடங்கினார். உடம்புக்கு ஒன்றுமில்லை, ரத்த அழுத்தம்கூடச் சீராகத்தான் இருந்தது. ஆனால் பியூன் அவர் அறைக்குக் காப்பி கொண்டுவருவதை நிறுத்தினான். வகுப்பில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாணவர்கள் எழுந்து போனார்கள். கல்விக்குழுக் கூட்டத்தில் அவர் மறைவுக்கு இரங்கல் தீர்மானம் போட்டு ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள்; மற்றவர்கள் நிற்கும்போது தான் மட்டும் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று அவரும் எழுந்து நின்றார். துறையில் அவர் படத்துக்குச் சந்தன மாலை போட்டார்கள். அவர் நாற்காலியில் ஒரு புதியவரை உட்கார வைத்தார்கள், அவர் தன் மடிமேல் உட்காராமல் பார்த்துக்கொள்ள இவர்தான் அவசரமாக எழுந்திருக்க வேண்டியிருந்தது. மனைவி முன்பே காலமானவர். டெல்லியில் இருந்த மகன் மொட்டை போட்டுக்கொண்டு வந்து, கருமாதிக்கு ஆக வேண்டியதைச் செய்துவிட்டு, அப்பாவைத் தாண்டிக்கொண்டு போய் ரயில் ஏறினான். ஒரு வருஷம் அவர் இப்படி இருந்தார். பிறகு ஒருநாள் ராயபுரத்துக்குப் பஸ் ஏறினார். கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்கவே இல்லை.

அவர் வருவது தெருவுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. காலையிலிருந்து கத்தி மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கெல்லாம் நடுங்கவும் தொடங்கியது. சிலுவையம்மாள் கூடையை மூடி வைத்துவிட்டு கஸ்பார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மதார் சாகிப் இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் எடுக்காமல் வந்துவிட்டார். ஊரில் வேறு யார் கண்ணுக்கும் படாத சங்கரநாராயணன் ராயபுரத்தார் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தார், எங்கே பார்க்க வேண்டும் என்று கத்தி காட்டியதால். இளைத்திருந்தார். சட்டைக்கு இஸ்திரி போடவில்லை. கஸ்பார் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார். சொன்ன வாயை அப்போதே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சங்கரநாராயணன் நாற்காலியில் உட்கார்ந்து கத்தியை அண்ணாந்து பார்த்தார். "இதப் பத்திப் போலீஸ்ல சொன்னாங்க. என்னையேதான் காட்டுமாமே?"

"ஆமாம் சார். தூரம் போனாலும் காட்டும்."

"இப்ப நான் எங்க இருக்கேன்னு தெரிஞ்சது இந்த மெட்ராசுல இது ஒண்ணுதான், கஸ்பார்." அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் கஸ்பாருக்கு இரக்கம் வந்தது. நான்கு வருஷத்துக் கோபத்தை இந்த இரக்கம் கரைத்துவிடுமோ என்று கவலையும் வந்தது. அவசர அவசரமாகத் தன் கேள்வியைக் கேட்டார். "என்னை ஏன் சார் அனுப்பினீங்க?"

"ஒருத்தரை அனுப்பணும்னு மேலருந்து சொன்னாங்க. யாரை அனுப்பினா சத்தம் வராதுன்னு யோசிச்சேன்." சங்கரநாராயணன் பொய் சொல்லும் நிலைமையில் இல்லை. "நீங்க ரொம்ப நல்லவர். போகும்போது தேங்க்ஸ்கூட சொன்னீங்க."

கஸ்பார் கையைப் பின்னால் கொண்டுபோய் முதல்முறையாகக் கத்தியைத் தானே பிடித்தார். ஊரில் எல்லோரும் எடுத்து மீன் நறுக்கிய கத்தியை அவர் அதுவரை தொட்டதே இல்லை. எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. வாசலில் ஃப்ளோரன்ஸ், "வாணாங்க, எனக்காகவாச்சும் வாணாங்க" என்றாள். நெஞ்சா வயிறா என்று அவர் தீர்மானிக்கவில்லை, அதற்குள் கை இறங்கிவிட்டது. இறங்கிய இடம் சங்கரநாராயணனின் இடது முழங்கைக்குக் கீழே. ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து ரத்தம் வந்தது. சங்கரநாராயணன் அந்த ரத்தத்தை ஆசையாகப் பார்த்தார். "வருது பாருங்க, கஸ்பார், நல்லா வருது" என்றார். கஸ்பார் பார்க்கவில்லை. ரத்தம் என்றால் அவருக்கு ஆகாது. மயங்கி விழுந்தார், விழும்போது நாற்காலி முனையில் நெற்றி பட்டது. குத்துப்பட்டவரும் மதார் சாகிப்பும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குத்தியவரைத் தூக்கிக்கொண்டு கம்பவுண்டரிடம் போனார்கள். கம்பவுண்டர் பெரிய காயம் எது என்று பார்த்து முதலில் கஸ்பாருக்குத் தையல் போட்டார்.

போகிற வழியிலேயே சங்கரநாராயணனுக்கு உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. ரிக்ஷாக்காரன் ஒருவன் அவரைப் பார்த்து மணி அடித்தான். ஒரு நாய் குரைத்தது. ஸ்டேஷனில் லோகநாதனிடம் தன் முழுப்பெயர், தகப்பனார் பெயர், பட்டங்கள் எல்லாவற்றையும் சொல்லிப் புகார் கொடுத்தார். காயம்பட்டவர் என்று போலீசில் பதிவான ஒருவரைக் காலமானவர் என்று பல்கலைக்கழகத்தால் அதற்குமேல் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. சந்தன மாலையைக் கழற்றினார்கள், புதியவரை வேறு அறைக்கு மாற்றினார்கள், இரங்கல் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் வாபஸ் வாங்கினார்கள். டெல்லி மகன் தந்தி அடித்தான்.

வழக்கு எழுபதாம் வருஷக் கடைசியில் விசாரணைக்கு வந்தது. மாஜிஸ்திரேட் வயதானவர், ரிட்டையராகப் போகிறவர், கத்தி மிதப்பது பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதை மேஜைமேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு சட்டப் புத்தகத்தைப் பாரமாக வைக்கச் சொன்னார். அவருக்கு விளங்காதது காரணம்தான். குற்றவாளிதான் என்று கஸ்பார் ஒப்புக்கொண்டு, காரணத்தில் எது தேவையானது, எது போதுமானது என்று வெகுநேரம் விளக்கினார். அவர் வாழ்க்கையில் எடுத்த மிகச் சிறந்த வகுப்பு அதுவாகத்தான் இருக்கும். மாஜிஸ்திரேட் அதற்குள் வேறு இரண்டு கட்டுகளில் கையெழுத்துப் போட்டு முடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். தினமும் எத்தனையோ பேருக்கு வேலை போகிறது. அதுவும் இது தற்காலிக வேலை. நான்கு வருஷம் கழித்து, மீன் கத்தியால், இடது கையில். இதைக் காரணம் என்று எழுதினால் மேல்கோர்ட்டில் சிரிப்பார்கள் என்றார். மீன் நறுக்கும்போது கை தவறிவிட்டது என்று முடித்து அனுப்பிவிடலாமா என்று கேட்டார். பின் வரிசையில் ஃப்ளோரன்ஸ் சிலுவைக் குறி போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். கஸ்பார் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையிலிருந்து கால்வரை எரிந்தது. செய்த ஒரே காரியத்தையும் கை தவறியதாக ஆக்கிவிட்டார்கள்.

அப்போது சங்கரநாராயணன் தழும்பு விழுந்த கையோடு எழுந்து பேச அனுமதி கேட்டார். "காரணம் போதும், ஐயா. இவர் என் துறையின் விரிவுரையாளர்."

"விரிவுரையாளரா இருந்தவர்னு சொல்லுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

"இல்லை ஐயா, இருக்கிறவர். நான் ஒரு காரணமும் இல்லாம அனுப்பினேன். காரணமே இல்லாம அனுப்பினா ஒருத்தர் போனதா ஆகாது. குத்தினது சரின்னு நான் சொல்லல. குத்துற அளவுக்கு நான் செஞ்சேன்னு சொல்றேன். அப்படியே எழுதிக்குங்க. கை தவறலை."

கஸ்பார் கூண்டிலேயே அழுதார். கைக்குட்டை எடுத்து வரவில்லை, கோர்ட் சேவகன் தன் துண்டைக் கொடுத்தான். சிலுவையம்மாள் மதார் சாகிப்பை முழங்கையால் இடித்து, டீ செல்லும், திருப்பிக் கேட்கக் கூடாது என்றாள். மாஜிஸ்திரேட் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு, குற்றம் நிரூபணமாகிறது, காரணம் ஏற்கப்படுகிறது என்று எழுதி, கோர்ட் கலைகிறவரை சிறைத் தண்டனை கொடுத்தார். கஸ்பார் சாயந்திரம்வரை கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்து தண்டனையை அனுபவித்தார். சங்கரநாராயணனும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோர்ட் கலைந்து கஸ்பார் எழுந்தபோது கத்தி சட்டப் புத்தகத்தைத் தள்ளிவிட்டு எழுந்து தன் இடத்துக்கு வந்தது. சாட்சிப் பொருளை வெளியே விடக்கூடாது என்று குமாஸ்தா ஆட்சேபித்தார். மாஜிஸ்திரேட் கோட்டைக் கழற்றிவிட்டதால் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்த இடத்தையே பல்கலைக்கழகம் வணிகவியலுக்குக் கொடுத்துவிட்டிருந்தது. கஸ்பார் டுட்டோரியலிலேயே இருந்தார், கத்தியும் இருந்தது. குத்தி முடித்த பிறகு அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எழுபத்திரண்டில் சங்கரநாராயணன் ஓய்வு பெற்றார். கொஞ்ச நாள் கத்தி டெல்லியைக் காட்டியது, அங்கே அவருக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது, மறுபடி தெற்கைக் காட்டியது. காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது ஃப்ளோரன்ஸ் நுனியைப் பார்த்து, "மைலாப்பூர் பக்கம் நடக்கப் போயிருக்காரு" என்பாள். எழுபத்தாறில் மழைக்காலத்தில் கத்தி ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டு மயிரிழைகூட அசையாமல் நின்றது. இரண்டு நாள் பார்த்தார் கஸ்பார். மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். பாரிமுனையில் இறங்கி, ஓட்டல் பக்கம் திரும்பாமல் அடுத்த பஸ் பிடித்தார். நுனி காட்டிய இடத்தில் இறங்கி, காட்டிய தெருவில் நடந்து, காட்டிய ஆஸ்பத்திரிக்குள் போய், காட்டிய வார்டில் கடைசிக் கட்டிலுக்கு வந்து நின்றார். பார்வை நேரம்தான், மற்ற கட்டில்களைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். இங்கே இல்லை. சங்கரநாராயணன் கண்ணைத் திறந்து முதலில் கத்தியைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா" என்றார்.

நர்ஸ் வந்து கஸ்பாரை ஏற இறங்கப் பார்த்து, இவருக்கு நீங்க யாரு என்று கேட்டாள்.

"இவர் துறையில விரிவுரையாளர்" என்றார் கஸ்பார்.

அப்படியானால் உட்காருங்கள், ஆனால் அந்தக் கத்தி சலைன் பாட்டிலில் இடிக்கப் பார்க்கிறது, நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். கஸ்பார் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.